‘அபிவிருத்தி போதும், அரசியல் வேண்டாம்’ என்போருக்கு



மே மாதம் 6ஆம் திகதி விரலில் பூசிய மை அழிந்துவிட்டது. உள்ளூராட்சி சபைகள் கூடத் தொடங்கிவிட்டன. ஆனால் தேர்தல் காலத்தில் காதில் விழுந்த ஒரு பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. “உரிமை உரிமை என்று கத்தி என்ன கண்டோம்? ரோட்டைப் போட்டுத் தந்தால் போதும். அரசியல் நமக்கு எதற்கு?” பெரட்டுக்களத்தில் இது கேட்கிறது. கடைத்தெருவில் கேட்கிறது. சங்கக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்தும் கேட்கிறது.

இந்தப் பேச்சு நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. மட்டக்களப்பிலே ‘உரிமையா, அபிவிருத்தியா’ என்பது பல தேர்தல்களாக மேடையில் ஓடுகிற கேள்வி. உரிமை பேசுகிறவன் ஒரு பக்கம், வீதி போடுகிறவன் மறுபக்கம் என்று பிரித்துவைத்து, மக்களை ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பேச்சை மட்டக்களப்பில் வைத்தே உரசிப் பார்ப்போம். நம் லயத்து ஒழுக்கு நமக்குப் பழகிப்போய்விட்டது. வேறோர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தால் நம் கூரையில் உள்ள ஓட்டை நன்றாகத் தெரியும்.

அமிர்தகழியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரை ஒட்டிய வாவிக்கரை ஊர். மாமாங்கேஸ்வரர் ஆலயம் இருக்கிற ஊர் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மலையிலிருந்து போய்வருகிறவர்கள் உண்டு. அந்த ஊர் மட்டக்களப்பு மாநகர சபைக்குள் அடங்குகிறது. அங்கே வீட்டுக்காரர் சோலைவரி கட்டுகிறார். வீதி விளக்கு எரியாவிட்டாலும், வடிகான் அடைத்துக்கொண்டு நுளம்பு பெருகினாலும், குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் வராவிட்டாலும், சைக்கிளை மிதித்துக்கொண்டு சபைக்குப் போய் “நான் வரி கட்டுகிறவன், என் ஒழுங்கைக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. கேட்டதும் கிடைத்துவிடுகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

அந்தக் கதவை எத்தனை காலம் பூட்டிவைத்தார்கள் என்று பாருங்கள். மட்டக்களப்பு மாநகர சபைக்கு 2008 மார்ச் 10ஆம் திகதி தேர்தல் நடந்தது. நாட்டில் போர் ஓயாத நேரம் அது. சபையின் ஆயுள் சட்டப்படி 4 ஆண்டு. ஆனால் அடுத்த தேர்தலை மட்டக்களப்பு மக்கள் கண்டது 2018 பெப்ரவரி 10ஆம் திகதி. இடையில் 10 ஆண்டு. அதற்கடுத்த தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி என்று நாள் குறிக்கப்பட்டது. காசில்லை என்று திறைசேரி கையை விரித்தது. தேர்தல் நின்றது. சபைகள் கலைந்து நிர்வாகம் முழுக்க அதிகாரிகள் கைக்குப் போயிற்று. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் 2025 மே 6 வந்தது. ஆக, 17 ஆண்டில் 3 தேர்தல். இதை எண்ணிப் பார்க்கிறவன் ‘அரசியல் போதும்’ என்று சொல்வானா, ‘அரசியல் எங்கே?’ என்று கேட்பானா?

மாகாண சபையின் கதை இதைவிட மோசம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017இல் அதன் காலம் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. நம் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் அதே கதைதான். மாகாணப் பாடசாலை, மாகாண வைத்தியசாலை, மாகாண வீதி எல்லாம் மக்கள் தெரிவு செய்த ஆளில்லாமல் நடக்கின்றன.

“அதிகாரி நடத்தினால் என்ன? ஊழல் குறையுமே, வேலை நடக்குமே” என்பார்கள். அதிகாரிகளில் நல்லவர் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதிகாரி பதில் சொல்லவேண்டியது தனக்கு மேலே இருக்கிறவருக்கு. ஒழுங்கையில் வெள்ளம் நின்றதற்காக அவரை அந்த ஒழுங்கைக்காரர் மாற்ற முடியாது. வட்டார உறுப்பினரை மாற்றலாம். வாக்குக் கேட்டு மறுபடி அதே படலைக்கு வந்து நிற்கவேண்டும் என்ற பயம் உறுப்பினருக்கு இருக்கிறது. அந்தப் பயம்தான் மக்களுக்கு இருக்கிற ஒரே பிடி.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவி கடலோடு சேருமிடத்தை முகத்துவாரம் என்பார்கள். அமிர்தகழிக்கு வடக்கே, பாலமீன்மடுப் பக்கம் இருக்கிறது. அந்த வாயை மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும். மாரி மழை பெருத்தால் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி, மேலதிக நீர் வாவிக்குள் இறங்குகிறது. வாய் மூடியிருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வயலிலும் தாழ்ந்த குடியிருப்புகளிலும் ஏறுகிறது. மணலை வெட்டிவிட்டால் வடியும். ஆனால் எப்போது வெட்டுவது? வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார். அவசரப்பட்டு வெட்டினால் வாவி மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர் கலங்குவார். முற்றத்தில் தண்ணீர் ஏறிய குடும்பம் இன்றைக்கே வெட்டு என்று கேட்கும். இதில் யார் சொல்வது எடுபடும்? பொறியியலாளரின் கணக்கும் வேண்டும். ஆனால் கணக்கு மட்டும் இதைத் தீர்த்துவைக்காது. மூன்று பேருடைய பிழைப்பு மோதுகிற இடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அரசியல். அரசியல் வேண்டாம், அபிவிருத்தி போதும் என்றால், அந்த மூன்று பேரும் வெளியே நிற்க, வேறு யாரோ உள்ளே முடிவெடுப்பார்கள் என்று பொருள்.

பாலம் வந்ததை நாம் மறுக்கவில்லை. 2013இல் கல்லடியில் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய ஒற்றைப் பாலத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது பெரிய உதவி. பெரிய பாலமும் பெரிய வீதியும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும். ஆனால் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிற ஒழுங்கை, அதன் ஓரத்து வடிகான், வாசிகசாலை, மயானம், சந்தை, பாலர் பாடசாலை, இவற்றையெல்லாம் யாரும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கப்போவதில்லை. அவை உள்ளூர்ச் சபையின் வேலை. நாளாந்தம் நம் காலில் மிதிபடுகிற அபிவிருத்தி இதுதான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அரசியல் வேண்டாம் என்று அமிர்தகழியில் நின்றுகொண்டு சொல்வதே ஒரு வேடிக்கை. 1988 மார்ச் 19ஆம் திகதி அந்த மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில்தான் அன்னை பூபதி போர் நிறுத்தம் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும் என்று கேட்டு உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி உயிர் நீத்தார். பட்டம் பதவி இல்லாத ஒரு குடும்பத் தாய் நாட்டின் அரசியலைக் கேள்வி கேட்ட மண் அது. அந்த மண்ணின் மக்களைப் பார்த்து “உங்களுக்குத் தார் வீதி போதும்” என்று சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துகிற பேச்சு.

இனி நம் மலைக்கு வருவோம்.

அமிர்தகழிக்காரருக்குக் கதவு இருந்தது, இடையிடையே பூட்டினார்கள் என்று பார்த்தோம். நமக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கில்லை என்று ஒதுக்கினார்கள். பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் 11 ஆண்டுக்கு முன்னரே உள்ளூராட்சியின் வாசலில் நம்மைத் தடுத்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாட்டை விட்டு ஒதுக்குவதற்கு முன்னால் ஊரை விட்டு ஒதுக்கினார்கள்.

பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. படிப்படியாகப் பிரஜாவுரிமையும் வந்தது. வாக்குப் போட்டோம், உறுப்பினர்களை அனுப்பினோம், தவிசாளர் கதிரையிலும் நம்மவர் அமர்ந்தார்கள். ஆனால் தோட்டக் குடியிருப்புக்குள் சபையின் காசைச் செலவழிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. கிராமத்துக்குப் போகிற வீதி தோட்ட எல்லையில் நின்றது. “அது கம்பனிக் காணி” என்றார்கள். நம்முடைய வாக்கைக் கொண்டு நம் வாசலுக்கே ஒரு வாளி கொங்கிரீட் கொண்டுவர முடியாத நிலை 30 ஆண்டுகள் நீடித்தது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தோட்டங்களுக்கும் பிரதேச சபை பணி செய்யலாம் என்று வழி திறந்தார்கள்.

அதே காலத்தில்தான் இன்னொரு மாற்றமும் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்தை ஒட்டிய மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. ஓர் இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட மட்டக்களப்பு நகருக்கு ஒரு மாநகர சபை இருக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2018 தேர்தலோடு அந்த இரண்டும் ஆறாயின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நான்கு சபைகள் புதிதாகப் பிறந்தன. இதை யாரும் அபிவிருத்தி என்று பெயர்ப்பலகை போட்டுத் திறக்கவில்லை. கல்வெட்டு நடவில்லை. ஆனால் ஒரு வீதியைவிடப் பெரிய காரியம் இது. அரசியல் பேசியவர்கள், மனுக் கொடுத்தவர்கள், தெருவில் நின்றவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அபிவிருத்தி போதும் என்று சும்மா இருந்திருந்தால் இன்றும் பழைய சபையின் வாசலில் வரிசையில்தான் நின்றிருப்போம்.

ஆனால் திறந்த வாசல் வழியாக நாம் போனோமா என்பதுதான் கேள்வி. இன்றும் லயத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்தால் நம் கால் எந்தப் பக்கம் போகிறது? தோட்ட ஆபீசுக்குப் போகிறது. தொரை மனம் வைத்தால் குழாய் வருகிறது. மனம் வைக்காவிட்டால், அல்லது தேர்தல் வந்தால், ஒரு அரசியல்வாதியின் படத்தோடு வருகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது பழமொழி. வீதி தானமாக வந்தால், கொங்கிரீட் எத்தனை அங்குலம், எத்தனை மூட்டை சீமெந்து, ஒப்பந்தக்காரர் யார் என்று நாம் கேட்க முடியாது. வந்ததே பெரிது என்று கும்பிட்டுவிட்டு நிற்கவேண்டும். இரண்டு மழைக்கு அது பெயர்ந்து போனாலும் பேச வாயில்லை. சபையின் காசில், நம் உரிமையில் வந்த வீதியென்றால் பல்லையும் பார்க்கலாம், குளம்பையும் பார்க்கலாம். உரிமை இல்லாமல் வந்த அபிவிருத்திக்கும் உரிமையோடு வந்த அபிவிருத்திக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

பாடசாலையில் குடியியற் கல்விப் பாடத்தில் உள்ளூராட்சி மன்றத்தின் பணிகளைப் படிப்பிக்கிறோம். வீதி, வடிகான், கழிவகற்றல், நூலகம், விளையாட்டு மைதானம் என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். பரீட்சையில் முழுப் புள்ளியும் வாங்குகிறார்கள். பிறகு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வடிகான் இல்லாத லயத்துக்கு, விளக்கில்லாத வழியில் நடந்துபோகிறார்கள். கடிதம் வந்தால் இன்றும் தோட்ட ஆபீசுக்கு வருகிற முகவரிதான் பலருக்கு. தன் வீட்டுக்கென்று ஓர் இலக்கமும் ஒழுங்கைப் பெயரும் இல்லாத பிள்ளைக்கு ‘நீ ஒரு வட்டாரத்தின் குடிமகன்’ என்று எப்படி விளங்கவைப்பது? சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது, 2024இல் 1,350 ரூபாவானது. அதற்காக நாம் போராடினோம், இன்னும் போராடுவோம். சம்பளத்துக்குக் கம்பனியோடு போராடத் தெரிந்த நமக்கு, வடிகானுக்குச் சபையோடு போராடத் தெரியாதா?

“தொரையிடம் சொன்னால் நாளைக்கே நடக்கும், சபையிடம் சொன்னால் ஆறு மாதம்” என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. சில நேரம் அது உண்மைதான். ஆனால் நாளைக்கே தருகிறவர் நாளன்றைக்கே எடுத்துக்கொள்ளவும் முடியும். வேலைநிறுத்தம் என்று வந்தால் முதலில் நிற்பது தண்ணீரா வேறேதுமா என்று அஞ்சிக்கொண்டு சங்கம் நடத்த முடியாது. வேலை கொடுக்கிறவனே வீட்டுக்கும் தண்ணீருக்கும் வழிக்கும் எசமானாக இருக்கிறவரை நாம் தொழிலாளி மட்டுமல்ல, குடியிருக்கும் கைதியுந்தான். சபை தாமதித்தால் அதைத் தட்டிக் கேட்கலாம். தட்டிக் கேட்க ஆள் சேரவேண்டும், அவ்வளவுதான்.

“அது பட்டினத்தார் விசயம்” என்றும் சிலர் சொல்கிறார்கள். மட்டக்களப்பானாலும் கொழும்பானாலும் பட்டினத்தில் நம் பிள்ளைகள் கடைகளில் நிற்கிறார்கள், வாடகை அறையில் தங்குகிறார்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அவர்கள் தங்கும் ஒழுங்கையில் வெள்ளம் வந்தால் அவர்கள் பாயும் நனைகிறது. ஆனால் அவர்கள் பெயர் தோட்டத்து வாக்காளர் இடாப்பில் கிடக்கிறது. இங்கே வந்து வாக்களிக்க லீவில்லை, அங்கே வாக்களிக்கப் பெயரில்லை. இரண்டு ஊருக்கும் இல்லாத ஆளாகிவிடுகிறார்கள். இந்நாட்டு நகரங்கள் பலவற்றைக் கூட்டிச் சுத்தம் செய்கிற தொழிலாளரிலும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நகரத்தின் அபிவிருத்தியை அவர்கள் கைவண்டியில்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பட்டின அரசியல் நமக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

சபை உறுப்பினர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. தெரிவாகிப் போனபின் முகம் காட்டாதவர்கள் மட்டக்களப்பிலும் உண்டு, மலையிலும் உண்டு. சபையில் கட்சிச் சண்டைக்கே கூட்டம் முடிந்துபோன நாட்களும் உண்டு. அதற்கு மருந்து அரசியலை விட்டு ஒதுங்குவதா? கொழுந்து நிறுப்பதில் களவு நடக்கிறது என்றால் தராசுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோமா, கொழுந்தே பறிக்காமல் வீட்டுக்குப் போகிறோமா? சபையும் ஒரு தராசுதான். பக்கத்தில் போய் நிற்கவேண்டும்.

ஆகவே நம் தோட்டக் கமிட்டிகள் உடனே செய்யவேண்டிய நான்கு வேலைகளைச் சொல்கிறோம்.

ஒன்று: தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன்படி பிரதேச சபையிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நாம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: 2018 திருத்தத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்குள் ஆண்டுவாரியாக எவ்வளவு செலவழித்தீர்கள், எதற்குச் செலவழித்தீர்கள்? பதிலைத் தோட்டக் கோயில் சுவரில் ஒட்டுவோம். பூச்சியம் என்று வந்தால் அந்தப் பூச்சியத்தையும் ஒட்டுவோம்.

இரண்டு: புதிய சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை இந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றவேண்டும். அதற்கு முன்னர், ஒவ்வொரு டிவிசனிலும் கூடி, முதலில் வேண்டிய இரண்டு வேலைகளை மட்டும் தீர்மானித்து, கையெழுத்து வாங்கி, வட்டார உறுப்பினர் கையில் கொடுப்போம். இருபது கோரிக்கை கொடுத்தால் இருபதும் மேசைக்கடியில் போகும். இரண்டு கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கேட்பதையும் அளந்து கேட்போம், பிறகு கணக்கும் கேட்போம்.

மூன்று: சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீருக்கு நடப்பதும், வழுக்கும் பாதையில் கொழுந்துக்கூடையோடு இறங்குவதும் பெண்கள். டிவிசன் கூட்டத்தில் அவர்கள் தேநீர் கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது. முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். சபையிலிருக்கும் பெண் உறுப்பினர்களைத் தேடிப்போய்ப் பேசுவதும் அவர்களாக இருக்கட்டும்.

நான்கு: பட்டினத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் ஊடாக நடக்கும் வாக்காளர் பதிவில் இருக்கிற ஊரிலேயே பெயரைப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் கேட்கச் சொல்லுங்கள். சோறு உண்கிற ஊரில் சொல்லும் இருக்கவேண்டும்.

மலையகத்தில் நீண்டகாலம் அரசியல் செய்த தலைமைகள் சிலவற்றுக்கு இதெல்லாம் பிடிக்காது என்பது நமக்குத் தெரியும். தொழிலாளி தானே சபைக்குப் போய்க் கேட்கப் பழகிவிட்டால், நடுவில் நின்று வாங்கித்தருகிறவருக்கு வேலை இருக்காது. ‘உங்களுக்கு அபிவிருத்தியை நான் கொண்டுவருகிறேன், அரசியலை என்னிடம் விட்டுவிடுங்கள்’ என்பதுதான் அந்தப் பேச்சின் முழு வடிவம். பின்பாதியை அவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. மட்டக்களப்பு மேடையில் சொன்னாலும் கொட்டகலை மேடையில் சொன்னாலும் அதன் பொருள் ஒன்றுதான்.

அடுத்த முறை யாராவது வந்து ‘உரிமை வேண்டுமா, வீதி வேண்டுமா?’ என்று கேட்டால், நம் பதில் ஆயத்தமாக இருக்கட்டும்: வீதியே எங்கள் உரிமை. அதைப் போடுகிற காசு எங்கே என்று கேட்பதும் எங்கள் உரிமை. ரசீதைக் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.